யானை மலிவு, தீனி தனி!

“சின்னதா ஒரு என்ஜின் வேலை இருக்கு தம்பி. மத்தபடி வண்டி டாப் கண்டிஷன்!”

கார் கன்சல்டிங் வாசலில் சொல்லப்படும் இந்த ஒற்றை வாக்கியத்தை நம்பி எத்தனை பேர் எத்தனை லட்சத்தை விட்டிருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஏதாவது ஒரு பெரிய மெக்கானிக் பட்டறையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் போதும். வேப்பமரத்தடியில், பானெட் திறந்தபடி, டயர் காற்றிறங்கி, மேலெல்லாம் காக்கா எச்சத்தோடு ஒரு பெரிய ஜீப் நிற்கும். “யாரோடதுண்ணே?” என்று கேட்டால், “ஒரு பையன் வாங்கிப் போட்டான்... என்ஜின் இறக்கியாச்சு, பார்ட்ஸ் வரணும்” என்று பதில் வரும். எப்போது இறக்கியது என்று மட்டும் கேட்கக் கூடாது :-)

பழைய பஜேரோ, பழைய சஃபாரி, பழைய எண்டெவர். ஒரு காலத்தில் அமைச்சர்களும் பைனான்சியர்களும் கதவைத் திறந்து இறங்கிய வண்டிகள். இன்று அவற்றில் பல ஒரு பெரிய பைக்கின் விலைக்கு வந்துவிட்டன. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையனுக்கு இதைப் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும். “புது ஃபோர் வீல் டிரைவ் பத்து லட்சத்துக்கு மேல போகுது. இது மூணு லட்சம். என்ஜினுக்கு ஒரு ஐம்பதாயிரம் போட்டால்கூட மூன்றரைதானே?” என்பது அவன் கணக்கு. கூடவே நாலு நண்பர்கள் நின்றுகொண்டு “விடாதடா மச்சி, இந்த விலைக்கு இன்னொண்ணு கிடைக்காது” என்று ஏற்றிவிடுவார்கள். (அந்த நாலு பேரில் ஒருத்தன்கூட காசு போட மாட்டான் என்பது வேறு விஷயம்.)

இந்தக் கணக்கு தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, அடியோடு தப்பு. என்ஜின் கோளாறு உள்ள மலிவான ஃபோர் வீல் டிரைவ் மலிவே கிடையாது. சந்தையில் கிடைக்கும் வண்டிகளிலேயே விலை தெரியாமல் வாங்கப்படும் ஒரே வண்டி அதுதான். ஏன் என்று பார்ப்போம்.

பி.காம். முதல் வருஷத்திலேயே இதற்கான விடை இருக்கிறது. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கில் கேபிடல் செலவு, ரெவின்யூ செலவு என்று ஒரு பாடம். அதில் வழக்கமாக ஒரு கணக்கு வரும். ஒரு வியாபாரி 50,000 ரூபாய்க்கு பழைய மெஷின் வாங்குகிறார். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர 10,000 செலவழிக்கிறார். வண்டிக் கூலி 2,000. மெஷினின் அடக்க விலை என்ன? பரீட்சையில் 50,000 என்று எழுதினால் முட்டை. சரியான விடை 62,000. பழைய மெஷின் முதன்முதலாக வேலை செய்யத் தொடங்கும் வரை ஆகும் செலவு எல்லாம் அதன் விலையோடு சேர்ந்ததுதான், அது தனி ‘ரிப்பேர் செலவு’ கிடையாது. பரீட்சையில் இதைச் சரியாக எழுதி மார்க் வாங்கிய அதே மாணவன் ஜீப் வாங்கும்போது மட்டும் “விலை மூணு லட்சம், ரிப்பேர் தனி” என்று சொல்வது எப்படி?

ஆக, மூன்று லட்சம் என்பது விலை இல்லை, முன்பணம். மீதி எவ்வளவு, எத்தனை தவணை, எப்போது முடியும் என்று எதுவும் எழுதப்படாத ஒரு ஒப்பந்தத்துக்கான முன்பணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். பாட்டிக்கு கேபிடல் செலவு தெரியாது, ஆனால் கணக்கு தெரியும்.

சரி, அந்த மீதி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். விற்பவர்! சிக்கலே அங்கேதான்.

1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. பின்னால் 2001-ல் அவருக்கு (மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து) நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணமே அதுதான். அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கு ‘எலுமிச்சை’ என்று பட்டப்பெயர். (நம்மூரில் வண்டிக்குத் திருஷ்டி படாமல் இருக்க டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அங்கே வண்டியே எலுமிச்சம்பழம்!) அவர் சொன்னது ரொம்ப எளிமையானது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுக்கத் தயாராக இருப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனசில்லாமல் சந்தையை விட்டு விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் மிச்சமிருப்பது எலுமிச்சைகள்.

இதை அந்த “சின்ன என்ஜின் வேலை” வாக்கியத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஓடும் நிலையில் இருந்தால் அந்த வண்டி ஐந்து லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் மூன்று லட்சம் சொல்கிறார். வேலை வெறும் இருபத்தைந்தாயிரம்தான் என்கிறார். அப்படியானால் இருபத்தைந்தாயிரம் செலவழித்து, இரண்டு வாரம் பொறுத்து, ஐந்து லட்சத்துக்கு விற்றால் அவருக்கு 1,75,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமே! அதை ஏன் முன்பின் தெரியாத ஒரு பையனுக்குத் தானம் செய்கிறார்? அவர் என்ன பாரியா, முல்லைக்குத் தேர் கொடுத்த மாதிரி நமக்கு ஜீப் கொடுக்க?

“அவசரத்துக்கு விக்கிறார்” என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவசரக்காரருடைய வண்டியை முதலில் பார்ப்பது யார்? அதே ஊர் கன்சல்டிங்காரர்கள், புரோக்கர்கள், மெக்கானிக்குகள். கோளாறு வண்டியை வாங்கி, சரிசெய்து, விற்று லாபம் பார்ப்பதுதான் அவர்கள் தொழிலே. அவர்களுக்குத் தெரிந்த லேத் பட்டறை உண்டு, கடனுக்குப் பார்ட்ஸ் தரும் கடை உண்டு, கூலி பாதிதான் ஆகும். அந்த வண்டியில் உண்மையிலேயே ஒன்றேமுக்கால் லட்சம் லாபம் இருந்திருந்தால் விளம்பரம் வெளியே வருவதற்கு முன்பே அவர்களில் ஒருவர் அமுக்கியிருப்பார். இத்தனை கைகளைத் தாண்டி ஒரு கத்துக்குட்டியின் கண்ணில் அந்த வண்டி படுகிறது என்றால், விஷயம் தெரிந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்த வண்டிகளின் விலை விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே ஓட்ட முடியாத பெரிய டீசல் வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குக் கிளம்பின. “டெல்லி வண்டி சார், பாதி விலை” என்பதன் பின்கதை இதுதான். அந்தப் பாதி விலையோடு இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டின் ஆயுள் வரி, ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாம் சேரும் என்பதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

அடுத்தது, வண்டி செய்தவர்களே இல்லாமல் போனது. பஜேரோவை இங்கே திருவள்ளூர் ஆலையில் பூட்டிக் கொடுத்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அந்தக் கூட்டணி முடிந்து வருஷக்கணக்காகிறது. ஜப்பானிலேயே 2021-ல் பஜேரோ உற்பத்தி நிறுத்தப்பட்டது. எண்டெவர் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-ல் வேலை நின்றது. இந்த வண்டிகள் மோசமான வண்டிகள் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றில் சில அருமையான வண்டிகள். ஆனால் ஒரு வண்டியை வாங்குகிறவர் அதற்குப் பின்னால் இருக்கும் டீலர், உதிரிபாகக் கடை, பழகிய மெக்கானிக் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அது சுருங்கிவிட்டால் அறுபது ரூபாய் ஆயில் சீலுக்காக வண்டி ஒரு மாதம் நிற்கும்.

இனி வழக்கமாக வரும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாதம் 1: “பழைய டீசல் என்ஜின் சாகாது சார். ரிங்கை மாத்தினா இன்னும் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும்.”

பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த என்ஜின்களுக்கு இதில் பாதி உண்மை. ஆனால் ‘என்ஜின் வேலை’ என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வது போலத்தான். ஜலதோஷமும் அதுதான், கேன்சரும் அதுதான். வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே போய் எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஹெட் கேஸ்கட்டாக இருந்தால் பிழைத்தோம். ஹெட்டே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது ரிங்காக இருக்கலாம், வால்வு சீலாக இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஒரு அழுக்கு ஏர் ஃபில்டரும் இதைச் செய்யும், போன இன்ஜெக்டரும் செய்யும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்று, உள்ளே இருக்கக்கூடிய செலவு ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தில் முடியும். என்ஜினை இறக்கிப் பிரிக்காமல் உறுதியாகச் சொல்ல மெக்கானிக்காலேயே பல நேரம் முடியாது. பிரித்த பிறகு தெரியும். ஆனால் அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

வாதம் 2: “நம்ம ஊர் மெக்கானிக் எதையும் சரி பண்ணுவார்.”

நம்ம ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் 2005-ல் சஃபாரியில் டைகோர் என்ஜின் வந்தது. அந்தப் பெயரிலேயே காமன் ரெயில் ஒளிந்திருக்கிறது. காமன் ரெயிலில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. நம் கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். பம்ப் தேய்ந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் நாலு இன்ஜெக்டரையும் காலி செய்யும். இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் அதே தூள் புது இன்ஜெக்டரையும் சாப்பிடும். இதற்கு வேண்டியது ஸ்கேனரும் டெஸ்ட் பெஞ்சும். சுத்தியலும் சாணக்கியமும் போதாது.

இன்னொன்று, ஃபோர் வீல் டிரைவில் என்ஜினை இறக்குவது ஆல்ட்டோவில் இறக்குவது போல இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்கம் தனி டிஃபரன்ஷியல், இரண்டு புரொபெல்லர் ஷாஃப்ட். கூலியும் அதற்குத் தகுந்த மாதிரிதான். அதைவிடக் கொடுமை, எல்லாரும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மைலேஜுக்காக முன்பக்க ஷாஃப்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் ஆட்கள் உண்டு. கியர் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருப்பதால் மட்டும் அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

வாதம் 3: “புதுப்பேட்டையில வேற என்ஜின் வாங்கிப் போட்டுக்கலாம்.”

சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கிடைக்காத பாகம் இல்லை என்பது பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் அந்த என்ஜின் வந்த வண்டி ஏன் உடைக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஒரு எலுமிச்சையைச் சரிசெய்ய இன்னொரு எலுமிச்சை. அதோடு என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் புது என்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். என்ஜினுக்குப் பில் இல்லையென்றால் அது நடக்காது. நம்பர் ஒத்துப்போகாத வண்டி நாளைக்கு விற்கும்போதும் சிக்கல், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல். முந்தைய ஓனர் ஏற்கெனவே இதைச் செய்துவைத்திருந்தால்? வாங்குபவர் தலையில்தான் விடியும்.

வாதம் 4: “சரியா வரலைன்னா போட்ட காசுக்கு வித்துட்டுப் போறது!”

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். மூன்று லட்சத்துக்கு வாங்கி ஒன்றரை லட்சம் செலவழித்த வண்டி நாலரை லட்சத்துக்குப் போகாது. சந்தைக்குப் பில் முக்கியம் இல்லை, வண்டிதான் முக்கியம். செலவழித்த பிறகும் ‘என்ஜின் பிரிச்ச வண்டி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் மனசு ஒரு வேலை செய்யும். “இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு முப்பதாயிரம்தானே...” போன காசு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று சங்க் காஸ்ட் பாடத்தில் படித்தவர்களே பட்டறையில் அதை மறந்துவிடுகிறார்கள். முப்பது, இன்னொரு இருபது, டர்போவுக்கு நாற்பது. வண்டி மட்டும் நகராது.

சட்டம் காப்பாற்றுமா? 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. ‘வாங்குபவரே உஷார்’ என்ற தத்துவம் அங்கேதான் இருக்கிறது. பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாக உத்தரவாதம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் அந்தப் பொருளையே தொழிலாக விற்பவரிடம் வாங்கும்போது உதவுபவை. பார்த்து, ஓட்டி, “என்ஜின் வேலை இருக்கு” என்று காதால் கேட்டு ஒரு தனி ஆளிடம் வாங்கியவர் பின்னால் போய் என்ன வழக்குப் போடுவார்? அந்த வாக்கியம் விற்பவரின் நேர்மை மாதிரி தெரியும். உண்மையில் அது அவருடைய கவசம். “நான்தான் அப்பவே சொன்னேனே தம்பி!” இன்சூரன்ஸும் உதவாது. விபத்துக்குக் காசு தருவார்கள், தானாகத் தேய்ந்து நின்ற என்ஜினுக்குச் சாதாரண மோட்டார் பாலிசியில் பத்து பைசா கிடையாது.

பணம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் போவது எங்கே? மலைக்கு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது நடுவில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்குக்கு உயிர் கொடுப்பது என்ஜின். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் என்ஜினோடு சுற்றும் பம்பிலிருந்து வருகிறது. என்ஜின் நின்றதும் இரண்டு மூன்று மிதியில் அந்த உதவி தீர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங் கனக்கும், கியரில் பிடித்து இறக்கும் என்ஜின் பிரேக்கும் போயே போச்சு. கையில் இரண்டு டன் எடை. உள்ளே நாலு நண்பர்கள். அந்த நேரத்தில் “வண்டி மூணு லட்சம்தான்” என்பது ஆறுதலாக இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் “ஆனா ஃபோர் வீல் டிரைவ் வேணுமே” என்றால், எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நல்ல தார் ரோடு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறை போகும் அரசு பஸ்ஸில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அது தினமும் போய் வருகிறது. இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. முன்பக்க, பின்பக்கச் சக்கரங்கள் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும்போது நடுவில் இருக்கும் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். காட்டுக்குள் இறக்கி ஓட்டலாம் என்றால் வனத்துறை சும்மா விடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மிச்சம் இருப்பது சேறு, ஆற்று மணல், எஸ்டேட் பாதை. இவற்றில் தினமும் வேலை இருப்பவருக்கு அந்த லீவர் தேவை. வருஷத்துக்கு இரண்டு முறை லாங் டிரைவ் போகிறவருக்கு அது தேவையே இல்லை, ஆசை. ஆசைப்படுவதில் தப்பு இல்லை. ஆனால் அதற்குத் தேவை என்று பெயர் வைத்து அம்மாவின் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போவது தப்பு. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கியில் வண்டிக்கடன் கிடைப்பது கஷ்டம். அதனால் பணம் நகைக்கடனிலிருந்தோ, பர்சனல் லோனிலிருந்தோ, அப்பாவின் சேமிப்பிலிருந்தோதான் வருகிறது. வண்டி பட்டறையில் நின்றாலும் வட்டி நிற்காது, அது மைலேஜ் பார்க்காமல் ஓடும்.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. அக்கவுண்டிங்கில் கன்சர்வேட்டிசம் என்று ஒரு மரபு உண்டு. வரப்போகும் லாபத்தை எண்ணாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கி வை. அதன்படி விலை பேச வேண்டும். என்ஜின் சின்ன வேலையில் முடியும் என்று நினைக்காமல், முழுசாகப் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு உதாரணத்துக்கு (தொகைகள் கணக்குக்காக மட்டுமே, அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்):

ஓடும் நிலையில் அதே வண்டியின் விலை: 5,00,000
கழிக்க: முழு என்ஜின் வேலை: 2,00,000
கழிக்க: ஃபோர் வீல் டிரைவ் பாகங்களுக்கு ஒதுக்கீடு: 60,000
கழிக்க: டயர், பேட்டரி, பிரேக்: 60,000
கழிக்க: பெயர் மாற்றம், வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ்: 30,000
கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை: 1,50,000

கேட்ட விலை மூன்று லட்சம். வித்தியாசம் ஒன்றரை லட்சம். அதுதான் “சின்ன வேலை” என்ற இரண்டு வார்த்தைக்கு நம் ஆட்கள் கொடுக்கும் விலை! ஒன்றரைக்கு மேல் கொடுத்தால் அது வண்டி வாங்குவது இல்லை, லாட்டரிச் சீட்டு வாங்குவது. அதுவும் நம்பரை விற்பவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட லாட்டரி. வண்டி பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் இன்னொரு செலவும் உண்டு. பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. புதுப்பித்தாலும் ஐந்து வருஷத்துக்குத்தான்.

விலை படிந்த பிறகும் நான்கு விஷயம் பாக்கி இருக்கிறது.

1. வாங்குபவர் வருவதற்கு முன் என்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கக் கூடாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம். கோளாறு பேசுவது குளிர்ந்த என்ஜினில்தான்.

2. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஓடும்போது அந்த வழியாக ரயில் மாதிரிப் புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்த அடையாளம்.

3. விற்பவர் சொல்லும் பட்டறையில் இல்லாமல், வாங்குபவர் சொல்லும் பட்டறையில் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். காமன் ரெயில் என்றால் இன்ஜெக்டர் டெஸ்டும். செலவு வாங்குபவருடையது.

4. சேறோ மணலோ உள்ள இடத்தில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு, முன் சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் மூன்றாவதுதான் உண்மையான சோதனை. கணவர் இறந்த பிறகு வண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் விற்கிறவர்கள் உண்டு. வெளிநாடு போய்விட்டதால் இரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்கும் வண்டிகளும் உண்டு. அவர்களுக்கு உண்மையிலேயே வண்டியின் குறை தெரியாது. அப்படிப்பட்டவர்கள் டெஸ்டுக்குத் தடை சொல்ல மாட்டார்கள். “தாராளமா பாருங்க தம்பி” என்பார்கள். “அதெல்லாம் வேணாம் சார், ரெண்டு பேர் அட்வான்ஸோட நிக்கிறாங்க” என்று சொல்பவர் டெஸ்ட் எடுக்காமலேயே ரிசல்ட்டைச் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி. இங்கே யாரும் தானம் கொடுக்கவில்லை. மூன்று லட்சம் எண்ணி வாங்குகிறார்கள். பல்லை மட்டும் இல்லை, வாயை முழுசாகத் திறந்து டார்ச் அடித்தே பார்க்கலாம். பார்க்க விடாதவரிடம் மாடு வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பி.கு.: வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள், என்ஜினைப் பிரித்துச் சேர்ப்பதே பொழுதுபோக்காக உள்ளவர்கள், வண்டி ஆறு மாதம் ஓடாவிட்டாலும் வேலைக்குப் போக இன்னொரு வண்டி வைத்திருப்பவர்கள்... இவர்களுக்கு மேலே உள்ள எதுவும் பொருந்தாது. அவர்கள் வாங்குவது வண்டி இல்லை, பொழுதுபோக்கு. அதற்கு விலை சொல்ல காமர்ஸால் முடியாது :-)